0416 கொடுத்தால் 270 வருகிறது: உள்ளீட்டை எந்த அடிமானத்தில் படிக்கச் சொல்வது?

லாங்குபஜார்_தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் லாங்கு பஜாரில் எங்களுக்கு மளிகை மொத்தக் கடை. வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்தே எங்களிடம் சரக்கு எடுக்கும் கடைகள் ஆரணி, செய்யாறு, திருப்பத்தூர் என்று எல்லாப் பக்கமும் உண்டு. அவர்களுடைய எஸ்டிடி கோடு, தொலைபேசி எண், பாக்கித் தொகை மூன்றும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கின்றன. ஒரு கடைக்கு ஒரு வரி. அதைப் படித்துப் பாக்கிப் பட்டியல் அச்சடிக்க ஒரு சி புரோகிராம் உண்டு. ரொம்ப நாளைக்கு முன் ஒருவர் எழுதிக் கொடுத்தது, அவர் இப்போது தொடர்பில் இல்லை. நான் முதலாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன் என்பதால் வீட்டில் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இதுவரை ஃபைலில் கோடு 416, 4172 என்று முன்னால் பூஜ்யம் இல்லாமல்தான் இருந்தது. இந்த முறை பட்டியலைப் புதிதாக டைப் செய்யக் கொடுத்தோம். எல்லோரும் எழுதுகிற மாதிரி 0 சேர்த்து அடித்துவிட்டார்கள். இப்போது வருவதைப் பாருங்கள்:

வேலூர் 0416 என்பது 270
ராணிப்பேட்டை 04172 என்பது 2170
ஆரணி 04173 என்பது 2171
ஆம்பூர் 04174 என்பது 2172

இதுகூடப் பரவாயில்லை. திருப்பத்தூர் 04179 வந்ததும் எல்லாமே குலைகிறது. கோடு 271 என்றும், தொலைபேசி எண் வெறும் 9 என்றும், உண்மையான தொலைபேசி எண் பாக்கித் தொகையாகவும் அச்சாகின்றன. நாலாயிரம்கூடப் பாக்கி இல்லாத கடைக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம் பாக்கி என்று காட்டுகிறது. அதற்குக் கீழே உள்ள எல்லா வரிகளும் ஒவ்வொரு கட்டம் தள்ளிப் போகின்றன. ஃபைல் கெட்டுவிட்டதா, புரோகிராம் கெட்டுவிட்டதா?

---

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

தம்பி, இரண்டுமே கெடவில்லை. புரோகிராம் உங்கள் கோடுகளை எட்டின் அடிமானத்தில் (பேஸ் 8), அதாவது ஆக்டலில் படிக்கிறது. 0416-ஐ ஆக்டலாக எடுத்தால் 4×64 + 1×8 + 6 = 270. ராணிப்பேட்டைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், 2170 வரும்.

சோர்ஸ் கோடில், உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேன்எஃப் இருக்கும் வரியைத் தேடுங்கள். அதில் %டி இருக்க வேண்டிய இடத்தில் %ஐ இருக்கும் என்று நினைக்கிறேன். அச்சடிக்கும் பிரின்ட்எஃப்-இல் இரண்டும் ஒன்றுதான், அதனால் பலர் படிக்கும்போதும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. %டி என்றால் எப்போதும் டெசிமல் (அடிமானம் 10). %ஐ என்றால், வந்த உள்ளீட்டின் முகத்தைப் பார்த்து அடிமானத்தை முடிவு செய் என்று பொருள்: 0எக்ஸ் என்று தொடங்கினால் ஹெக்ஸ் (அடிமானம் 16), வெறும் 0 என்று தொடங்கினால் ஆக்டல், மற்றதெல்லாம் டெசிமல். பூஜ்யம் இல்லாமல் 416 என்று இருந்தவரை %ஐ ஒழுங்காக நடந்துகொண்டது. பூஜ்யம் வந்ததும் வழி மாறிவிட்டது.

திருப்பத்தூர் விஷயம் இன்னும் முக்கியம். ஆக்டலில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள். 04179-ஐப் படிக்கும்போது 0417 வரை வந்து, 9-ஐப் பார்த்ததும் நின்றுவிடுகிறது. 0417 ஆக்டலில் 271. அந்த 9 எங்கும் போகவில்லை, உள்ளீட்டிலேயே காத்திருக்கிறது. அடுத்த %ஐ அதைத் தொலைபேசி எண்ணாக எடுத்துக்கொள்கிறது. பிறகு ஒவ்வொன்றும் ஒரு கட்டம் தள்ளித்தானே போகும்? செய்யாறு 04182-ஐயும் பாருங்கள். 041 வரை படித்து 33 என்று சொல்லும், 82 மிச்சம் நிற்கும்.

ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் எண்ணிக்கையைச் சோதித்தாலும் இங்கே பயன் இல்லை. மூன்று கேட்டோம், மூன்று கிடைத்தது என்றுதான் சொல்லும்.

---

லாங்குபஜார்_தம்பி எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே %ஐ இருந்தது. மூன்றையும் %டி ஆக்கினேன். பாக்கித் தொகைகள் சரியாகிவிட்டன, ரொம்ப நன்றி. ஆனால் கோடு 416 என்று பூஜ்யம் இல்லாமல் அச்சாகிறது. முன்னால் ஒரு 0 ஒட்டி அச்சடித்துவிடலாமா?

---

குடியாத்தம்_தறி எழுதியது:

ஒட்ட வேண்டாம் தம்பி. பழைய ஃபைலில் 416 என்றும் புதியதில் 0416 என்றும் இருக்கிறது. நாளை செல்போன் எண்ணை அதே இடத்தில் யாராவது அடித்தால் அதற்கும் ஒரு 0 ஒட்டிவிடுவீர்கள்.

அடிமானத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதைக் கூட்டுவோமா, கழிப்போமா? வேலூர் கோடையும் குடியாத்தம் கோடையும் கூட்டி யாரும் எதுவும் செய்யப் போவதில்லை. அப்படியானால் அது எண் இல்லை, இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர். அதை எழுத்துச் சரமாகவே படியுங்கள், %எஸ் போதும், அகலம் மட்டும் குறிப்பிடுங்கள். தொலைபேசி எண்ணும் அப்படியே, வங்கிக் கணக்கு எண்ணும் அப்படியே. பின்கோடு நம் ஊரில் 632 என்று தொடங்குவதால் எண்ணாகப் படித்தாலும் தப்பித்துவிடுகிறது, ஆனாலும் அதுவும் சரம்தான்.

பாக்கித் தொகை மட்டும்தான் உண்மையான எண். அதற்கு மட்டும் அடிமானம் 10 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், உள்ளீடு தானே தன் அடிமானத்தைச் சொல்லட்டும் என்று விடும் வசதியே மொழிகளில் இருந்திருக்கக் கூடாது.

---

சிப்காட்_ஷிஃப்ட் எழுதியது:

மேற்கோள்: "அந்த வசதியே இருந்திருக்கக் கூடாது."

இதை ஒப்புக்கொள்ள மாட்டேன் அக்கா. ராணிப்பேட்டை சிப்காட்டில் தொழிற்சாலைக் கன்ட்ரோலர்களுக்கு செட்டிங் ஃபைல் படிக்கும் டூல் எழுதுவது என் வேலை. ஒரே ஃபைலில் மெமரி முகவரி 0எக்ஸ்4000 என்று இருக்கும், அடுத்த வரியில் எத்தனை பைட் என்று 64 இருக்கும். முகவரியை 16384 என்று எழுதச் சொன்னால் பராமரிப்பு ஆட்கள் யாரும் படிக்க மாட்டார்கள். மேனுவலில் ஹெக்ஸில் அச்சிட்டிருப்பதை அப்படியே பார்த்து அடிப்பார்கள். அங்கே சரத்தை எண்ணாக மாற்றும் ஸ்ட்ர்டோல் ஃபங்ஷனுக்கு அடிமானமாக 0 கொடுப்பதுதான் சரியான வழி. முன்னொட்டைப் பார்த்து அதுவே முடிவு செய்யும். 2 முதல் 36 வரை எதைக் கொடுத்தாலும் அந்த அடிமானத்திலேயே படிக்கும். 36 ஏன் என்றால், பத்து இலக்கமும் இருபத்தாறு ஆங்கில எழுத்தும் சேர்ந்தால் அவ்வளவுதான்.

சி++ பக்கம் வந்தால் எங்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல். உள்ளீட்டு ஸ்ட்ரீமான சின் வழியாகப் படிக்கும்போது ஹெக்ஸ் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அது அந்த ஒரு எண்ணோடு முடியாது. நீங்கள் மாற்றும்வரை அந்த ஸ்ட்ரீமில் நிற்கும். முகவரியை ஹெக்ஸில் படித்துவிட்டு, அடுத்து எண்ணிக்கையாக 10 என்று வந்தால் 16 என்று எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. 10 என்பது ஹெக்ஸிலும் முறையான எண்தானே. ஒவ்வொரு முறையும் டெக் (டெசிமல்) என்று திருப்பி வைக்க வேண்டும்.

---

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

சிப்காட் நண்பர் சொன்னதோடு இன்னும் கொஞ்சம். இதை லேபில் எல்லா வருடமும் பார்க்கிறேன்.

அச்சடிக்கும் ஸ்ட்ரீமான சிஅவுட்டில் ஹெக்ஸ் போட்டால் சின்னுக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறார்கள். பொருந்தாது. இரண்டும் தனித்தனி ஸ்ட்ரீம், தனித்தனி கொடிகள் (அமைப்புக் குறிகள்).

அடுத்தது, ஸ்ட்ரீமின் அடிமானத்தை மாற்றும் செட்பேஸ். அடைப்புக்குள் 8, 10, 16 மூன்றுக்கு மட்டுமே அது வேலை செய்யும். செட்பேஸ் 2 என்று கொடுத்துவிட்டு, 1011 அடித்தால் 11 வரும் என்று காத்திருப்பார்கள். வராது. இந்த மூன்றைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் அடிமானக் கொடி அழிந்துவிடும். அழிந்தால், படிக்கும்போது மீண்டும் முன்னொட்டைப் பார்த்து முடிவெடுக்கும் முறைதான், அதாவது தம்பி மாட்டிக்கொண்ட அதே %ஐ. 1011 டெசிமலாகவே உள்ளே போகும், 0416 வந்தால் 270 ஆகும். இரும எண் படிக்க வேண்டும் என்றால் சரமாக வாங்கி, சரத்தை எண்ணாக்கும் ஸ்டோய்-க்கு மூன்றாவது இடத்தில் 2 கொடுங்கள்.

எந்தக் கொடியையும் தொடாமல் விட்டால் சின் டெசிமலில்தான் படிக்கும். இது நல்ல ஏற்பாடு. 0416 கொடுத்தால் 416 கிடைக்கும்.

---

ஆம்பூர்_அட்மின் எழுதியது:

ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இந்த இழையைப் படித்தால் இதையும் படித்துவிடுங்கள். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், ராத்திரி பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று ஜூலை வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆகஸ்ட் பிறந்ததும் நின்றது. டேட் கட்டளை மாதத்தை 08 என்று இரண்டு இலக்கத்தில் தரும். பாஷ் என்ற ஷெல் அதை இரட்டை அடைப்புக்குறிக்குள் கணக்கு போடும்போது, முன்னால் 0 இருப்பதால் ஆக்டலாக எடுக்கிறது. 8 ஆக்டலில் இல்லை. "அடிமானத்துக்கு மீறிய மதிப்பு" என்கிற பொருளில் ஒரு பிழையைக் காட்டி நின்றுவிடுகிறது. 01 முதல் 07 வரை டெசிமலும் ஆக்டலும் ஒரே மதிப்பு, அதனால் அதுவரை யாருக்கும் தெரியவில்லை. அக்டோபரில் 10 வந்ததும் முன்னால் பூஜ்யம் இல்லாததால் தானாகவே சரியாகிவிடும். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதத்துக்கு மட்டும் வரும் நோய் இது. தேதியை வைத்துக் கணக்கு போட்டால் ஒவ்வொரு மாதமும் 8, 9 தேதிகளில் வரும்.

மருந்து சின்னது. டாலர் குறியோடு எழுதிய மாறியின் பெயருக்கு முன்னால் 10# என்று போடுங்கள். அடிமானம் பத்து என்று சொல்லியாகிவிட்டது, 08 எட்டாகவே வரும்.

குடியாத்தம் அக்கா பக்கம்தான் நான். பேக்கப் இல்லாத அந்த நாட்களில் டிஸ்க் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

---

ஆரணிப்_பட்டு எழுதியது:

ஜாவாஸ்கிரிப்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. சரத்தை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்-க்கு 08 என்ற சரத்தைக் கொடுத்தால் பழைய பிரவுசர்கள் 0 என்று சொல்லும், 8-ஐப் பார்த்ததும் நின்றுவிடுவதால். 2009-இல் வந்த ஐந்தாம் பதிப்புத் தரம் இதை மாற்றி, முன்னால் 0 இருந்தாலும் டெசிமல்தான் என்று சொன்னது. ஆனால் 0எக்ஸ் முன்னொட்டை இன்றும் ஹெக்ஸாகவே எடுக்கும். அதனால் இரண்டாவது இடத்தில் 10 கொடுப்பதை நான் விடுவதில்லை.

அந்த இரண்டாவது இடம் எப்படிக் காலை வாரும் என்பதற்கு ஓர் உதாரணம். மூன்று முறை 10 என்ற சரம் உள்ள ஒரு பட்டியலை மேப் வழியாக நேராகப் பார்ஸ்இன்ட்-க்கு அனுப்புங்கள். 10, 10, 10 வராது. 10, பிறகு எண் அல்ல என்ற மதிப்பு, பிறகு 2 வரும். மேப் ஒவ்வொரு உறுப்போடும் அதன் வரிசை எண்ணையும் அனுப்புகிறது, பார்ஸ்இன்ட் அதை அடிமானமாக எடுத்துக்கொள்கிறது. அடிமானம் 0 என்றால் வழக்கப்படி டெசிமல், 1 என்று ஒரு அடிமானமே கிடையாது, 2 என்றால் 10 இரண்டாகிறது.

---

லாங்குபஜார்_தம்பி எழுதியது:

இவ்வளவு பேரை இது அலைக்கழித்திருக்கிறது என்றால், முன்னால் 0 வந்தால் ஆக்டல் என்று முதலில் யார், எதற்காக வைத்தார்கள்? கணக்குப் புத்தகத்தில் 0416-உம் 416-உம் ஒன்றுதானே?

---

வாலாஜா_மண்டி எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. உங்கள் தாத்தா காலத்துக் கடையில் அளந்ததே ஆக்டலில்தான். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டு படி ஒரு மரக்கால். நாலு மரக்கால், ஒரு படி, ஆறு ஆழாக்கு அரிசி என்றால் மொத்தம் எத்தனை ஆழாக்கு? 256, 8, 6 மூன்றையும் கூட்டுங்கள், 270 வரும். உங்கள் புரோகிராம் வேலூர் கோடை இப்படித்தான் அளந்திருக்கிறது.

இனி யார் வைத்தது என்பது. சி மொழிக்கு முன்னால் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் பி என்ற மொழியை உருவாக்கினார். அப்போது அவர்களிடம் இருந்த பிடிபி-7 எந்திரத்தின் ஒரு சொல் 18 பிட். அதை மூன்று மூன்று பிட்டாகப் பிரித்தால் மிச்சமில்லாமல் ஆறு ஆக்டல் இலக்கங்கள். மெமரியைப் பார்ப்பவர்களுக்கு ஆக்டல்தான் அன்றாட எழுத்து. அதனால் 0 என்று தொடங்கும் மாறிலி ஆக்டல் என்று சுருக்கமாக வைத்துக்கொண்டார்கள். டென்னிஸ் ரிச்சி சி மொழியை அமைத்தபோது அது அப்படியே வந்தது. அந்தக் காலத்தில் 8, 9 இலக்கங்களைக்கூட ஆக்டலுக்குள் ஏற்றுக்கொண்டார்கள். 09 என்றால் 011 என்று எடுத்துக்கொள்ளும். 1989 தரம் அதை நிறுத்தியது. அந்தப் பழைய விதி இருந்திருந்தால் உங்கள் திருப்பத்தூர் வரி கட்டம் தள்ளிப் போயிருக்காது, தவறான ஒரு கோடோடு முடிந்திருக்கும்.

அன்றைக்கு இந்த முன்னொட்டு புரோகிராம் எழுதுகிறவருக்காக வைத்தது. அவருக்கு 0 எதற்கு என்று தெரியும். அதே விதியை, விதி தெரியாத ஒருவர் டைப் செய்த ஃபைலுக்கும் பொருத்தியதில்தான் சங்கடம். சோர்ஸ் கோடில் நாம் எழுதும் எண்ணும் வெளியிலிருந்து வரும் எண்ணும் ஒரே விதிக்குள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பைதான் 2008-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது இதைப் புரிந்து செய்தது. ஆக்டலுக்கு 0ஓ என்று தனி முன்னொட்டு வைத்தது, சோர்ஸில் 010 என்று எழுதினால் பிழை. சரமாக 010 வந்து, அதை எண்ணாக்கும் இன்ட்-க்கு அடிமானம் ஒன்றும் சொல்லாவிட்டால் 10. அடிமானம் 0 என்று சொன்னால் ஆக்டலா டெசிமலா என்று ஊகிக்காமல் பிழை என்று நிறுத்திவிடும்.

---

சிப்காட்_ஷிஃப்ட் எழுதியது:

ஐயா சொன்ன பைதான் முறைதான் நான் கேட்பதும். 0எக்ஸ் இருக்கட்டும், வெறும் 0 மட்டும் வேண்டாம். எங்கள் டூலில் ஸ்ட்ர்டோல் கூப்பிடும் முன், முதல் எழுத்து 0 ஆகவும் இரண்டாவது எழுத்து இலக்கமாகவும் இருந்தால் அந்த வரியை ஏற்காமல் நிறுத்தும் சோதனை ஒன்றைச் சேர்க்கிறேன்.

---

குடியாத்தம்_தறி எழுதியது:

அதோடு முடியாது. சி மொழியின் சி23 தரத்தில் 0பி என்ற இரும முன்னொட்டும் சேர்ந்திருக்கிறது. அடிமானம் 0 கொடுத்த ஸ்ட்ர்டோல், முன்பு 0பி11-ஐப் பார்த்தால் 0 என்று சொல்லி பி-யில் நின்றுவிடும். புதிய தரப்படி 3 என்று சொல்லும். உங்கள் புரோகிராமில் ஓர் எழுத்தும் மாறவில்லை, கம்பைலர் மாறினால் விடை மாறுகிறது. முகவரிக் கட்டத்துக்கு அடிமானம் 16 என்றும் எண்ணிக்கைக் கட்டத்துக்கு 10 என்றும் எழுதிவிட்டால் இந்தக் கவலையே இல்லை. ஸ்ட்ர்டோலுக்கு 16 கொடுத்தாலும் 0எக்ஸ் முன்னொட்டை ஏற்றுக்கொள்ளும், உங்கள் ஆட்கள் மேனுவலைப் பார்த்தே அடிக்கலாம்.

---

சிப்காட்_ஷிஃப்ட் எழுதியது:

முகவரிக் கட்டத்துக்கு இதை ஏற்கிறேன் அக்கா. ஆனால் மதிப்பு என்ற கட்டத்தில் ஹெக்ஸும் வரும், டெசிமலும் வரும். அதற்கு 0 தவிர வழியில்லை. அங்கே மட்டும் என் சோதனையோடு 0 இருக்கும்.

---

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

நெட்வொர்க் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வரி. ஐபி முகவரியை அழகாக இருக்க 192.168.010.005 என்று மூன்று மூன்று இலக்கமாக எழுதாதீர்கள். பழைய இனெட்-ஏட்டான் ஃபங்ஷன் வழியில் படிக்கும் புரோகிராம்கள் அந்த 010-ஐ 8 என்று எடுக்கும். ஒரு புரோகிராம் 10 என்றும் இன்னொன்று 8 என்றும் படித்தால், தடுத்து வைத்த முகவரிக்கே கதவு திறந்துவிடும். பைதான் நூலகம் 2021-இல் இதைப் பாதுகாப்புக் குறையாகவே கருதி, முன்னால் பூஜ்யம் இருந்தால் மறுக்கும்படி மாற்றியது.

---

லாங்குபஜார்_தம்பி எழுதியது:

பைதான் பற்றிப் பேசுவதால் ஒரு சந்தேகம். எங்கள் பழைய பேரேட்டில் தமிழ் எண்களில் எழுதிய பக்கங்கள் உண்டு. ௪௧௬ என்று அடித்தால் எந்த மொழியாவது படிக்குமா?

---

வாலாஜா_மண்டி எழுதியது:

பைதான் படிக்கும். இன்ட்-க்கு ௪௧௬ என்ற சரத்தைக் கொடுங்கள், 416 வரும். யூனிகோடில் தமிழ் இலக்கங்களுக்கு டெசிமல் மதிப்பு பதிவாகியிருக்கிறது. பூஜ்யம் ௦ மட்டும் பின்னால் வந்தது, 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்த்தார்கள். ஆனால் பேரேட்டில் ௰, ௱, ௲ குறிகள் இருந்தால் இன்ட் ஏற்காது. அவை இட மதிப்பு இலக்கங்கள் இல்லை, பத்து, நூறு, ஆயிரம் என்ற தனிக் குறிகள். ௪௱௰௬ என்று எழுதியிருப்பதை 416 ஆக்க நீங்களே ஒரு சின்ன ஃபங்ஷன் எழுத வேண்டும். எழுதினால் இங்கே போடுங்கள், எனக்கும் தேவைப்படும். சி-யின் ஸ்கேன்எஃப் தமிழ் இலக்கம் எதையும் அறியாது.

---

லாங்குபஜார்_தம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன். எஃப்கெட்ஸ் மூலம் ஒரு முழு வரியை எடுக்கிறேன். அதனால் ஒரு வரி கெட்டாலும் அடுத்த வரி தள்ளிப் போகாது. கோடும் தொலைபேசி எண்ணும் சரமாகவே இருக்கின்றன. பாக்கித் தொகைக்கு மட்டும் ஸ்ட்ர்டோல், அடிமானம் 10. எங்கே படித்து நிறுத்தியது என்று அது சொல்லும் பாயின்டரைப் பார்த்து, அது வரியின் முடிவில் இல்லாவிட்டால் வரி எண்ணோடு எச்சரிக்கை அச்சடிக்கிறேன். ஓடவிட்டதும் ஒரு வாணியம்பாடிக் கடையின் தொகையில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்து இருப்பதைக் காட்டிக்கொடுத்தது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். கடை கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வந்த ஃபைலுக்கு, என் லினக்ஸ் லேப்டாப்பில் எல்லா வரிக்கும் எச்சரிக்கை வருகிறது. கண்ணால் பார்த்தால் வரிகள் சரியாகவே இருக்கின்றன.

---

குடியாத்தம்_தறி எழுதியது:

கடையில் இருப்பது விண்டோஸாக இருக்கும். அங்கே வரி முடிவில் புதுவரிக் குறிக்கு முன்னால் கேரேஜ் ரிட்டர்ன் என்ற இன்னொரு குறியும் சேரும். உங்கள் பாயின்டர் அதில் போய் நிற்கிறது. பாயின்டர் நின்ற இடத்திலிருந்து வெற்றிடக் குறியா என்று பார்க்கும் ஐஎஸ்ஸ்பேஸ் உண்மை என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை நகர்த்திவிட்டு, பிறகு வரி முடிவா என்று பாருங்கள். கேரேஜ் ரிட்டர்ன், இடைவெளி, டேப், புதுவரி எல்லாம் அதில் அடங்கும். ஸ்ட்ர்டோல் ஓர் இலக்கம்கூட எடுக்காவிட்டால் பாயின்டர் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். அதை நகர்த்துவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தொகை எழுதாமல் விட்ட கடைக்கும் பாக்கி 0 என்று அச்சாகும்.